பொட்டு போன கதை

மகளின் முதல் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கட்டுரைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். அழைப்பிதழில் போடும் படத்தை ஸ்டுடியோவில் கொடுக்க வேண்டாம், தாமே சரிசெய்துவிடலாம். ஸ்டுடியோக்காரர் கேட்ட 800 ரூபாய் ஒரு காரணம். படத்தைத் திரையில் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இன்னொரு காரணம்: "பாப்பாவுக்குக் கலர் கொஞ்சம் தூக்கிடட்டுமா சார்?" மகள் அப்பாவின் நிறம். அப்பாவுக்குச் சுருக்கென்றது. பென்டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஃபோட்டோஷாப்பில் அவருக்கு இருந்த முன்அனுபவம், அலுவலக ஆண்டுவிழா பேனரில் மேலாளரின் தலையிலிருந்து முளைத்ததுபோல் தெரிந்த டியூப்லைட்டை அழித்தது மட்டும்தான். டியூப்லைட்டோடு மேலாளரின் காதில் பாதியும் போனது. யாரும் கவனிக்கவில்லை. அந்தத் தெம்பு.

இந்த மென்பொருளே, வேறு வேலை இருக்கும்போது செய்த வேலையில் பிறந்ததுதான். 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், மேக் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட ஒரு நிரல் எழுதிப் பார்த்தார். சினிமா தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் இருந்த தம்பி ஜானுக்கு அது பிடித்துப்போனது. 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் கடைக்கு வந்தது. அதன் வித்தைகளைச் செய்துகாட்ட ஜான் பயன்படுத்திய படம், போரா போரா தீவின் கடற்கரையில் அவர் காதலி உட்கார்ந்திருக்கும் படம். காதலி கடலைப் பார்த்தபடி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார். புத்திசாலிப் பெண்.

மகளோ கேமராவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். வாயோரம் ஜொள்ளு. தாடையில் காய்ந்த பருப்பு சாதம். மூக்கருகே தன் நகத்தால் தானே கீறிக்கொண்ட கோடு. நெற்றியில் கொசுக்கடி. கட்டுரைக்காரர் எடுத்தது, 2005-இல் இந்த மென்பொருளுக்குள் வந்த ஸ்பாட் ஹீலிங் பிரஷ். கறைமீது ஒரு சொடுக்குப் போட்டால் போதும், அக்கம்பக்கத்துத் தோலைப் பார்த்து அதேபோல ஒன்றை நெய்து ஒட்டிவிடும். பருப்பு சாதம் போனது. கீறல் போனது. கொசுக்கடி போனது. பலாச்சுளை தின்பவன் கை மாதிரி, நிறுத்த வேண்டும் என்று புத்தி சொன்னாலும் விரல் அடுத்ததற்குப் போய்விடும். இடது கன்னத்தில் கறுப்பாக, வட்டமாக ஒன்று இருந்தது. சொடுக்கு. அதுவும் போனது.

பிறகு தோலை மென்மையாக்கும் வேலை. ஒரு வயதுக் குழந்தையின் கன்னத்தில் மென்மையாக்க என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. ஸ்லைடர் இருந்தது, தள்ளினார். வெளிச்சத்தில் மினுமினுக்கும் பூனைமுடிதான் குழந்தைக் கன்னத்துக்கு அந்தப் பழத்தோல் அழகைக் கொடுக்கிறது என்பது, அது காணாமல் போய், திருவிழாக் கடை ரப்பர் பொம்மை ஒன்று திரையிலிருந்து அவரைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். 2016-லிருந்து இந்த மென்பொருள் முகத்தில் கண் எது, மூக்கு எது, வாய் எது என்று தானே கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்லைடர் வைத்திருக்கிறது. கண்ணைப் பெரிதாக்கினார். பிறக்கும்போதே நம் கண்விழி சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். முழுதாக வளர்ந்த பிறகும் 24-தான். உடம்பு எத்தனையோ மடங்கு பெருக்கப் போகிற உயிருக்கு, கண் மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறது. சின்ன முகத்தில் பெரிய கண்ணைப் பார்த்ததும் நமக்கு மனம் இளகுவதைப் பற்றி கொன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் 1943-லேயே எழுதியிருக்கிறார். இயற்கை ஏற்கெனவே தள்ளிவைத்த ஸ்லைடரை அப்பா இன்னும் கொஞ்சம் தள்ளினார். பறக்கும் தட்டிலிருந்து இறங்கிய யாரோ போல ஆனாள் மகள்.

'சிரிப்பு' என்றும் ஒரு ஸ்லைடர். படம் எடுத்த நொடியில் குழந்தை அழத் தயாராகிக் கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் மேலே ஏற, புருவம் அழுகையிலேயே நிற்க, கைமாற்றுக் கேட்க வந்த ஒன்றுவிட்ட சித்தப்பாவின் முகம் அப்படியே வந்தது.

அழைப்பிதழில் எழுத்துகள் வலப்பக்கம். குழந்தையின் பார்வை இடப்பக்கம். பெயரைப் பார்த்தபடி இருந்தால் நன்றாயிருக்குமே என்று படத்தை இடவலமாகத் திருப்பினார். இடுப்பைப் பிடித்திருந்த, வளையல் போட்ட கை ஒன்று இடைஞ்சலாகத் தெரிந்தது. அதையும் அழித்தார். ராத்திரி ஒன்றரை மணி. திருப்தியாகத் தூங்கப் போனார். காலையில் முதல் வேலையாக 12-க்கு 18 அங்குலத்தில் அச்செடுத்து, கண்ணாடி ஃப்ரேமும் போட்டு, 1,200 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார். மிச்சம் பிடித்த 800-ஐக் கழித்தால் நஷ்டம் வெறும் 400.

"என்னங்க, என் கை எங்கே?" என்றார் மனைவி.

குழந்தைப் படத்திலிருந்து அம்மாவை ஒழித்துக்கட்டுவது ஒன்றும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு படத்துக்கு நொடிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். குழந்தை இருக்குமா? அதனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அம்மாவைத் தலையோடு கால் துணியால் போர்த்தி, நாற்காலிபோல் உட்காரவைத்து, மடியில் குழந்தையை வைத்துப் படமெடுத்தார்கள். இன்று அவற்றைப் பார்த்தால் குழந்தைக்குப் பின்னால் சோபா மூச்சு விடுவதுபோலிருக்கும். கட்டுரைக்காரர் இந்த வரலாற்றை எடுத்துச் சொன்னார். "அவங்க துணியாவது போர்த்தினாங்க" என்று பதில் வந்தது. கை போனதால் குழந்தை பிடிமானமின்றி அந்தரத்தில் நிற்பதை அப்போதுதான் அவர் கவனித்தார்.

கட்டுரைக்காரரின் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பொட்டு எங்கடா?"

"எந்தப் பொட்டு?"

"கன்னத்துல வெச்ச திருஷ்டிப் பொட்டு."

அந்தக் கறுப்பு வட்டம். பச்சரிசியைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றி வெயிலில் காயவைத்து, தினமும் ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து அம்மா வைக்கும் மை. குழந்தை அழகாக இருக்கிறாள் என்று யார் கண்ணும் படக்கூடாதென்று, வேண்டுமென்றே வைத்த குறை. மென்பொருளிடம் அதற்கான சொல் இல்லை.

"சுழியும் மாறிப்போச்சு" என்றார் அம்மா, நெற்றியைக் காட்டி. "இவளுக்கு வலப்பக்கம் சுழி. தலையெழுத்தையே திருப்பி வெச்சிருக்கே."

பிறகு பீரோவிலிருந்து பழைய ஆல்பம் ஒன்று வந்தது. கட்டுரைக்காரரின் ஒரு வயதுப் படம், கறுப்பு வெள்ளையில், குப்புறப் படுத்து, தலையைத் தூக்கி, துணியில்லாமல். அந்தக் காலத்தில் டச்சப் செய்பவர் நெகட்டிவை வெளிச்சத்தின் முன் சாய்த்துவைத்து, கூராகச் சீவிய பென்சிலால் அதன்மேல் புள்ளி புள்ளியாக நிரப்புவார். அச்சில் கறையாக விழப்போகும் இடம் நெகட்டிவில் வெளிறியிருக்கும். அங்கே பென்சில் கரி ஏற ஏற, அச்சில் அது வெளுத்துவிடும். அப்படி முகத்தில் இருந்ததையெல்லாம் துடைத்த அந்த முகம் தெரியாத மனிதர், கன்னத்தில் நாலணா அளவுக்கு இருந்த பொட்டை மட்டும் தொடவில்லை. அவர் வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருக்க வேண்டும்.

அழைப்பிதழுக்கு, பருப்பு சாதத்தோடு, வளையல் கையோடு, அசல் படமே போனது. ஃப்ரேம் போட்ட படத்தைக் காசு கொடுத்த குற்றத்துக்காகக் கூடத்தில் மாட்டினார்கள்.

மறுநாள் காலை அந்தக் கண்ணாடிமேல் ஒரு கறுப்புப் புள்ளி. ஈ எச்சமாக இருக்கும் என்று செய்தித்தாளால் துடைத்தார். அதற்கடுத்த நாளும் இருந்தது. துடைத்தார். மூன்றாம் நாள் துடைக்கப் போகும்போது, ஃப்ரேமுக்கு நேர்கீழே முக்காலியும் அதன்மேல் கொட்டாங்கச்சியும் கண்ணில் பட்டன. எம்பிப் பார்த்தார். படத்தைத் திருப்பிப் போட்டதில் வலது கன்னமாகத் தெரிவதுதான் பேத்தியின் நிஜமான இடது கன்னம் என்று கணக்குப் போட்டு, பொட்டைச் சரியாக அங்கேயே வைத்திருந்தார் அம்மா.