சட்னிக்குக் காசா? ஒரு ஸ்டார்!

பாளையங்கோட்டையில் ஓட்டல் விமர்சனம் கல்லாவோடு முடிந்துவிடும். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் பில்லுக்குப் பணம் நீட்டும்போதே, "என்ன அண்ணாச்சி, தூத்துக்குடியில உப்பு வெல எறங்கிட்டோ?" என்று கேட்டுவிடுவார்கள். முதலாளி சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல் அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏ மாஸ்டரு, என்னடே சாம்பாரு இன்னைக்கு?" என்று ஒரு சத்தம் போடுவார். உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் ஓசை பதிலாக வரும். குறை சொன்னவர் சோம்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மறுநாள் காலையில் அதே பெஞ்சில் அதே ஆள். வழக்கு, விசாரணை, தீர்ப்பு எல்லாம் அரை நிமிஷம். ஆவணம் கிடையாது.

நியூஜெர்சி எடிசனில் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், டிபன் கடை நடத்துகிறார். ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி. அந்த ரோட்டிலேயே கடை போட்டால் வாடகைக்காக மட்டுமே பாதி நாள் தோசை சுட வேண்டும் என்பது அவர் கணக்கு. இங்கேயும் கல்லா இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் யாரும் வாயைத் திறப்பதில்லை. கார்டைத் தேய்த்துவிட்டு, டிப்ஸ் கேட்கும் திரையைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டிவிட்டு, "சூப்பர்ண்ணா, அப்படியே நம்ம ஊர் டேஸ்ட்டு" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். கார் பார்க்கிங்கை விட்டு வெளியே போவதற்குள் மச்சானின் போன் 'டிங்' என்னும். ஒரு ஸ்டார்.

மச்சானுக்குச் சட்னி அரைக்கத் தெரியும். வரிக் கணக்கு தெரியும். ஜனவரிக் குளிரில் மாவைப் புளிக்க வைக்கிற வித்தைகூடத் தெரியும். பதில் எழுதத்தான் தெரியாது. "மாப்ளே, நீங்க எழுத்தாளர்லா, நறுக்குன்னு நாலு வரி போடுங்க" என்று அந்த இலாகாவை என்னிடம் தள்ளிவிட்டார். சம்பளம், ஞாயிறு காலைப் பொங்கலும் வடையும். தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதைப் பார்க்கும்போது இது நல்ல சம்பளம்.

வந்து குவிந்திருந்த புகார்களை முதலில் உட்கார்ந்து படித்தேன். பலவற்றுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் திங்கட்கிழமை வந்திருக்கிறார். திங்கட்கிழமை கடை விடுமுறை. பூட்டிய கதவுக்கு ஒரு ஸ்டார். இன்னொருவர் பார்க்கிங் கிடைக்காமல் திரும்பிப் போய், சாப்பிடாத தோசைக்கு ஒரு ஸ்டார். ஒரு பெரியவர், "அருமையான காபி, என் தாயாரின் கைப்பக்குவம், நீடூழி வாழ்க" என்று எழுதிவிட்டு ஒரு ஸ்டார் போட்டிருந்தார். விசாரித்தால், மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாழ்நாள் முழுக்க ஒன்று என்றால் முதல் ரேங்க் என்று இருந்தவர். ஐந்தாம் ரேங்க் வாங்கிய பிள்ளையை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லையாம்.

மிச்சக் கோபம் பூராவும் சட்னியைப் பற்றியது. நம் ஊரில் சட்னியும் சாம்பாரும் கேட்டால் வரும், கேட்காவிட்டாலும் வாளியோடு வரும். எடிசனில் இரண்டாவது கிண்ணம் தேங்காய்ச் சட்னிக்கு மச்சான் 1 டாலர் வாங்குகிறார். வீட்டுக்கடன் வட்டி ஏறினால்கூட இவ்வளவு கொதிக்காத நம் ஆட்கள் அந்த ஒரு டாலருக்குக் கொதிக்கிறார்கள். "சட்னிக்குக் காசா?" என்று தொடங்கி ஒருவர் எழுதியிருந்த விமர்சனம், நான் பத்திரிகைகளுக்கு எழுதும் கட்டுரைகளைவிட நீளம். உருக்கமும் கூடுதல்.

மதிப்பெண் போடுவதில் நமக்கு ஒரு பரம்பரைச் சிக்கனம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 மதிப்பெண் கொடுத்தது. அது பெரிய சாதனை என்று இன்றைக்கும் சினிமாக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். சப்பாணி, மயிலு, பரட்டை மூவரும் சேர்ந்து வாங்கிய அந்த 62.5-ஐ ஐந்து ஸ்டார் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். 3.1 வருகிறது. அமெரிக்காவில் 3.1 ஸ்டார் கடைக்குப் பசித்தவன்கூடப் போக மாட்டான். பாரதிராஜா எடிசனில் தோசைக்கடை வைத்திருந்தால் ஆறே மாதத்தில் ஷட்டரை இறக்கியிருப்பார். நாற்பது மார்க்கையே கௌரவமாகப் பார்த்து வளர்ந்த தலைமுறை, மூன்று ஸ்டாரைப் பெருந்தன்மை என்று நினைத்துத்தான் போடுகிறது. வெள்ளைக்காரரோ தண்ணீர் கிளாஸை இரண்டாம் தடவை நிரப்பி வைத்தாலே ஐந்து போட்டுவிடுகிறார். மச்சான் கடையின் சராசரியைக் காப்பாற்றுவது சாம்பார் காரத்தில் கண்ணீர் விட்டபடியே ஐந்து போடும் அந்தப் புண்ணியவான்கள்தான்.

இதெல்லாம் விளையாட்டுக் காரியமில்லை. ஸ்டார் வியாபாரத்தில் கூகுளுக்கு முன்பே கொடிகட்டிய யெல்ப் 2004-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூகா, சியாட்டில் உணவகங்களின் வருமானக் கணக்கை அவற்றின் யெல்ப் ஸ்டார்களோடு பொருத்திப் பார்த்து 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறதாம். அதுவும் தனி முதலாளி நடத்தும் கடைகளுக்குத்தான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகளை ஸ்டார் அசைப்பதில்லை. மெக்டொனால்ட்ஸ் எப்படி இருக்கும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். மச்சான் கடை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஸ்டாரைப் பார்க்கிறார்கள். இந்த ஆய்வைக் கேட்ட நாளிலிருந்து மச்சானுக்கு ஸ்டார் ஸ்டாராகத் தெரிவதில்லை, டாலராகவே தெரிகிறது.

சட்னிக் கட்டுரைக்கு அவரே ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். "நெய் ரோஸ்ட்டு தின்ன தட்ட நாங்க கழுவவே இல்ல, நீயே வழிச்சு நக்கி வச்சுட்டுல்லா போன? சிசிடிவில இருக்கு, போடட்டுமா?" என்று தொடங்கி, எழுதினவரின் ஊர், தாலுகா எல்லாம் தொட்டு, "ஒங்க வீட்டுக் கல்யாணத்துல பந்தி முடியுமுன்ன ரசத்துல வெந்நி ஊத்துன கதை எனக்குத் தெரியாதா" என்று முடிந்தது. நறுக்கென்று இருந்ததை மறுக்க முடியாது. கல்லூரியில் படிக்கும் மருமகன், "அப்பா, ஏஐ கிட்ட குடுத்தா பாலிஷா எழுதித் தரும்" என்று போனில் தட்டினான். "உங்கள் சட்னிப் பயணத்தில் நேர்ந்த இடையூறுக்கு மனமார வருந்துகிறோம்" என்று வந்தது. மச்சான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "யாரும் செத்துட்டாங்களாடே?" என்று கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ளே, மானநஷ்ட வழக்கு போட்டா என்ன?" என்றார்.

டெக்சாஸ் மீன் கதையைச் சொன்னேன். பிளேனோவில் ஒரு தம்பதி 2015-ல் வெளியூர் போகும்போது, இரண்டு நாய்களையும் ஒரு ஃபைட்டர் மீனையும் பார்த்துக்கொள்ள டல்லாசின் பிரஸ்டீஜியஸ் பெட்ஸ் என்ற நிறுவனத்தை அமர்த்தினார்கள். முடிந்ததும் யெல்பில் ஒரு ஸ்டார். சொன்ன குறைகளில் ஒன்று, மீன்தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, தீனியை அளவுக்கு மேல் போட்டிருப்பார்கள் என்பது. நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், எங்களைக் குறைவாகப் பேசக்கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு முதலில் சில ஆயிரம் டாலர் கேட்டார்கள். பிறகு 10 லட்சம் டாலர் வரை கேட்டு வழக்குப் போட்டார்கள். ஒரு மீனுக்கு நாலு பருக்கை கூடுதலாகப் போட்டாய் என்று சொன்னதற்கு! 2016 ஆகஸ்டில் டல்லாஸ் நீதிமன்றம், வாயடைப்பு வழக்குகளுக்கு எதிரான டெக்சாஸ் சட்டத்தின்கீழ் அதைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் மீன் நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது. பிளேனோவைத் தாண்டாமல் கிடந்திருக்க வேண்டிய ஒரு விமர்சனத்தை ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் படித்தார்கள். யெல்ப் அந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகையே மாட்டியது. அதே ஆண்டு டிசம்பரில், வாடிக்கையாளர் வாயைக் கட்டும் இத்தகைய ஷரத்துகள் செல்லாது என்ற சட்டத்தில் ஒபாமா கையெழுத்துப் போட்டார். கலிபோர்னியா 2014-லேயே போட்டுவிட்ட சட்டம் அது.

மச்சான் முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "மீனு பொழச்சுதா?" என்றார்.

வழக்கு போனதும் அடுத்த யோசனை வந்தது, சொந்தபந்தம். பாளையங்கோட்டை அத்தை ஒருவர், இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்காதவர், எடிசன் நெய் ரோஸ்ட்டுக்கு ஐந்து ஸ்டார் போட்டு, "ரொம்ப ருசி, பஸ் ஸ்டாண்டுல எறங்குனா பக்கம்தான்" என்று எழுதியும் விட்டார். அதற்கும் ஆப்பு இருக்கிறது. போலி விமர்சனங்களைத் தடைசெய்து ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்த விதி 2024 அக்டோபர் 21 முதல் அமலில் இருக்கிறது. தெரிந்தே மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 51,744 டாலர் வரை அபராதம் என்று அறிவித்தார்கள். மச்சான் கணக்கில் சொன்னால் 51,744 கிண்ணம் சட்னி. நெருங்கிய உறவினரிடம் உறவை மறைத்து எழுதி வாங்குவதும் வம்புதான். நெருங்கிய உறவினர் யார் யார் என்றும் அந்த விதி சொல்கிறது: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். அவ்வளவுதான்! எழுதின அதிகாரிகளை ஒரு திருநெல்வேலிக் கல்யாணத்துக்கு அழைத்துப் போயிருந்தால் சம்பந்தி, சகலை, ஒன்றுவிட்ட சித்தப்பா, கொழுந்தியாள் நாத்தனார் என்று பட்டியலுக்கு மட்டும் தனி வால்யூம் போட்டிருப்பார்கள்.

"அப்போ அத்தை அதுல வரமாட்டாங்கல்லா?" என்றார் மச்சான், முகம் மலர்ந்து.

அத்தை சாப்பிடவே இல்லையே மச்சான், அது இன்னொரு பிரிவில் மாட்டும் என்றேன். அத்தையின் ஸ்டார் இறக்கப்பட்டது. அத்தை எங்களோடு இன்னும் பேசுவதில்லை.

இந்தத் துறையில் நான் கையெடுத்துக் கும்பிடும் ஆள் ஒருவர் உண்டு. டேவிடே செரெட்டினி, இத்தாலிக்காரர். சான்பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் பொட்டோ பிஸ்ட்ரோ என்று உணவகம் நடத்தினார். விளம்பரம் வாங்கச் சொல்லி யெல்ப் ஆட்கள் ஓயாமல் போன் செய்கிறார்கள், வாங்காவிட்டால் நல்ல விமர்சனங்கள் காணாமல் போகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. யெல்ப் இதை எப்போதும் மறுத்தே வந்திருக்கிறது. 2014 செப்டம்பரில் அவர் கடையில் அறிவிப்பு வைத்தார்: யெல்பில் எங்களுக்கு ஒரு ஸ்டார் போடுங்கள், பீட்சாவில் 25 சதவீதம் தள்ளுபடி. பிறகு அதை 50 ஆக்கினார். பே ஏரியாவிலேயே மிக மோசமான மதிப்பெண் வாங்கிய உணவகம் என்று பேர் எடுப்பதே லட்சியம் என்றார். வாடிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒற்றை ஸ்டாரை இறைத்தார்கள். கூடவே, வஞ்சகமில்லாமல் புகழ வேண்டியதையெல்லாம் வசவாகவே எழுதினார்கள். காளமேகம் இருந்திருந்தால் தன் நிந்தாஸ்துதி வம்சம் ரிச்மண்டில் தழைத்திருப்பதைப் பார்த்துப் பூரித்திருப்பார். விதிமீறல் என்று யெல்ப் எழுதிய கடிதத்துக்கும் அவர் நக்கலாகவே பதில் போட்டார்.

இதில் பெரிய வேடிக்கை, அதே செப்டம்பரில் யெல்புக்கு எதிராகச் சிறு முதலாளிகள் சிலர் போட்ட வழக்கிலும் தீர்ப்பு வந்தது. மரச்சாமான் பழுதுபார்ப்பவர், பல் டாக்டர், கார் பட்டறைக்காரர், ஒரு விலங்கு மருத்துவமனை. யெல்ப் விளம்பரத்துக்காக விமர்சனங்களை மேலே கீழே நகர்த்தியதாகவே வைத்துக்கொண்டாலும், அது கறாரான பேரம்தானே ஒழிய மிரட்டிப் பறிப்பது ஆகாது என்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மானத்தைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மானத்தைத் தள்ளுபடி விலைக்கு விற்றவர் கடையில் உட்கார இடமில்லை.

"நாமளும் ஒரு ஸ்டாருக்கு ஒரு வடை இலவசம்னு போர்டு வச்சிருவோமா?" என்றார் மச்சான்.

செரெட்டினியின் வாடிக்கையாளர்கள் விளையாட்டுக்குத் திட்டினார்கள். நம்மவர்கள் வடையைத் தின்றுவிட்டு மனசாரத் திட்டுவார்கள், வடையையும் சேர்த்து. போதாததற்கு 2024 விதி அந்த வாசலையும் சாத்திவிட்டது. இன்ன மாதிரிதான் எழுத வேண்டும் என்று நிபந்தனை வைத்து எதையும் கொடுக்கக்கூடாது. புகழ்ச்சிக்கும் கூடாது, இகழ்ச்சிக்கும் கூடாது.

கடைசியில் நானே எழுதினேன், தமிழிலேயே. "ஐயா, தங்கள் கட்டுரையைக் கடையில் எல்லோரும் கூடிப் படித்தோம். நடை நன்று. சட்னி மேல் இவ்வளவு பிரியம் உள்ளவர் இரண்டாவது கிண்ணம் கேட்டதில் வியப்பில்லை. தேங்காய் விலை இறங்கினால் முதல் தகவல் தங்களுக்குத்தான். அதுவரை காரச் சட்னிக்குக் காசு இல்லை." அந்தக் கடைசி வரிக்கு மச்சானிடம் ஒப்புதல் வாங்க மிளகாய் விலை, தக்காளி விலை எல்லாம் பேச வேண்டியிருந்தது.

நாலைந்து நாளில் விமர்சனம் திருத்தப்பட்டது. "சட்னிக்கு இன்னமும் காசுதான். பதில் நன்றாக இருந்தது. கூட ஒரு ஸ்டார்." இரண்டு ஸ்டார்!

மச்சான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். "அந்த ரெண்டாவது ஸ்டாரு ஒங்க எழுத்துக்குப் போட்டதுல்லா மாப்ளே? எனக்கு இப்பவும் ஒண்ணுதான" என்றார்.

அந்த ஞாயிறு பொங்கலுக்கு இன்னொரு கிண்ணம் தேங்காய்ச் சட்னி கேட்டேன். பில் போட்டார்.