வால்யூம் குமிழின் எண்ணெய் அடுக்குகள்: ஓர் அகழாய்வு

மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் ஆராயத்தக்க தொல்பொருள் ஒன்றே ஒன்றுதான் என்பது வரலாற்றுத் துறையினரின் நெடுநாள் நம்பிக்கை. சிலாஹார மன்னர் காலத்துச் சிவன் கோயில் அது. கல்வெட்டின்படி சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060. அதே ஊரில் தமிழர் வீட்டு ஷோகேஸ்களில் பூப்பின்னல் உறைக்குள் கிடக்கும், ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த டூ-இன்-ஒன்களை எவரும் தோண்டிப் பார்த்ததில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

பழைய ஒலிக்கருவியைக் கெடுத்தது காலமன்று, அதை முன்னே சுத்தம் செய்தவர்களே என்பது நம் கருதுகோள்.

முதற்சான்று வால்யூம் கண்ட்ரோல். அதனுள்ளே கரி பூசிய தடம் ஒன்றின் மேல் சின்ன உலோகக் கை நகர்கிறது. இடையில் தூசி புகுந்தால் குமிழைத் திருகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். தீர்வு எளிது: மின்சாரத்தைத் துண்டித்து, காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருப்ப வேண்டும். ஆனால் களத்தில் கிடைத்த சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. மேலடுக்கில் மும்பை லாமிங்டன் ரோட்டுக் கடையில் வாங்கிய ஸ்பிரே; இது பேரன் காலம். அடுத்து மங்கிய மஞ்சளில் தையல் மிஷின் எண்ணெய்; மாப்பிள்ளை காலம். அடியில், தூசியோடு இறுகிக் கறுத்து, நகத்தால் சுரண்டினாலும் வராமல் தாத்தாவின் தேங்காய் எண்ணெய்.

இவ்வடியடுக்கின் பண்பாட்டு விளைவுகள் பெரியவை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறையும். மும்பைக் கடற்கரையைவிட அம்பர்நாத்தில் குளிர் அதிகம். மார்கழி விடியலில் 20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் தொடங்குகிறது, குமிழ் இறுகிக்கொள்கிறது, குறைக்க வழியில்லை. மார்கழிச் சத்தத்துக்கு இதுவரை பக்தியே காரணம் என்று கூறப்பட்டு வந்தது. அக்கொள்கை மறுபரிசீலனைக்குரியது.

கேசட்டைச் சுழற்றும் பெல்ட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரப்பர் உருகித் தார்போல் ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் கீரைக்கட்டு ரப்பர் பாண்டைப் போட்டவர் யாரென்று கேட்டால் வீட்டில் எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார்கள். அதற்குப் பின் சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலே ஆடி ஆடித்தான் வருகிறது.

நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட் விஷயத்தில்தான் அறிஞரிடையே கடும் பிணக்கு. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா ஹெட்டில் உரசிப் போகிறது. உதிரும் இரும்பு ஆக்சைடு பழுப்பாகப் படிந்து ஒலியை அமுக்குகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும் என்பது ஒரு சாரார் கொள்கை. வேட்டி நுனியும் எச்சிலும் போதும் என்பது மூத்தோர் மரபு. இவ்விரண்டையும் ஏற்காத மூன்றாம் சாரார் ஸ்குரூ டிரைவரோடு வருகிறார்கள். ஹெட்டின் ஓரத்தில் சிறிய திருகு ஒன்று உண்டு; நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்கும்படி ஆலையில் சரிபார்த்து, அசையாமலிருக்கப் பெயிண்ட்டும் வைத்து அனுப்புவார்கள். அந்தப் பெயிண்ட்டை ‘அழுக்கு’ என்று சுரண்டி, திருகைக் கால் சுற்று திருகிய அண்ணாச்சி இல்லாத குடியிருப்பு உண்டா என்று தேடலாம். கோணம் பிசகினால் முதலில் போவது மேல்சுரங்கள்: ஜால்ராவும் கொலுசும் மறைந்து, தபேலா மட்டும் மிஞ்சும். “இப்பதான் பேஸ் நல்லா வருது” என்று அண்ணாச்சி அறிவிப்பார்.

78 ஆர்.பி.எம். தட்டுகள் தனி நூலுக்குரியவை. இங்கே ஓர் எச்சரிக்கை மட்டும். அவை அரக்குச் சேர்த்துச் செய்தவை. ஆல்கஹால் பட்டால் கரையும். ஹெட்டைத் துடைத்த உற்சாகத்தில் அதே பஞ்சோடு தட்டுப் பக்கம் போனவர், அழுக்கோடு பாட்டையும் துடைத்தெடுப்பார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வால்வு ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். விவரம் தெரிந்தவர் இல்லாமல் பின்மூடியைத் திறக்காதீர்கள். மற்றக் கருவிகளில், யார் வந்து என்ன வைத்தியம் சொன்னாலும், வால்யூம் கண்ட்ரோலுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்.