ஏழு அங்குலமும் அரை மில்லிமீட்டரும்

பிரித்தானியாவில் மாதிரி இரயில் அமைப்போர் என்றொரு பெருங்குலம் உண்டு. அதில் எஞ்சின்மேல் பித்துக் கொண்டோர், பயணிகள் பெட்டிமேல் பித்துக் கொண்டோர், கைகாட்டி மரத்தின் வெள்ளைப் பட்டை எத்தனை அங்குலம் என்பதில் முப்பதாண்டு நட்பை முறித்துக்கொண்டோர் எனக் கிளைகள் பல இருப்பினும், தனித்த ஆராய்ச்சிக்குத் தகுதியானவர், பழைய நிலையங்களின் நடைமேடை டிராலியை அளவு பிசகாத சிற்றுருவில் தேடி அலைபவரே ஆவார். டிராலி என்றதும், தண்டவாளத்தின்மேல் குடை நிழலில் வீற்றிருக்கும் இருப்புப்பாதை ஆய்வாளரும் பின்னால் ஓடித் தள்ளும் டிராலிமேன்களும் தமிழ் வாசகரின் நினைவுக்கு வரக்கூடும்; அது வேறு வண்டி, அதன் கம்பீரமும் வேறு. இங்கே பேசப்படுவது, போர்ட்டர் எனப்பட்ட சுமைதூக்கி, பயணிகளின் தோல்பெட்டிகளையும் அஞ்சல் மூட்டைகளையும் பால் கேன்களையும் கூடையில் அடைத்த பந்தயப் புறாக்களையும் ஏற்றி நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்திய மரவண்டியாகும். இரண்டு சக்கரத்தில் சாய்த்துத் தள்ளுவது ஒரு வகை. நான்கு சக்கரத்தில், முன் அச்சோடு சேர்ந்து திரும்பும் நீண்ட கைப்பிடியைப் பற்றி இழுப்பது மற்றொரு வகை. இரயிலில் போனவர் எவரும் இதைத் திரும்பிப் பார்த்ததில்லை என்பதே இவரை இதன்பால் ஈர்த்த முதற்காரணமாக இருக்க வேண்டும்.

இவருடைய உலகம் பெரும்பாலும் ஓஓ எனப்படும் அளவுமுறையில் இயங்குவது. அம்முறையில் மெய்யான ஓர் அடி 4 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அதாவது மாதிரி, மூலத்தில் ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. ஆறடி நீள வண்டி 24 மில்லிமீட்டராகவும், ஓரடிச் சக்கரம் 4 மில்லிமீட்டராகவும், ஓரங்குலக் கனமுள்ள பலகை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காகவும் ஒடுங்கிவிடும். அந்த மூன்றில் ஒரு பங்குக்குள்ளேதான் இவருடைய மானம், தூக்கம், இரத்த அழுத்தம் ஆகியவை அடங்கியிருக்கின்றன. கடையில் கிடைக்கும் வண்டியின் பலகை அரை மில்லிமீட்டர் மிகுந்திருந்தால், அது மெய்யுலகில் ஒன்றரை அங்குலம் என்பதையும், அத்தகைய பலகையில் செய்த வண்டியைக் கட்டி இழுக்கப் போர்ட்டருக்குப் பதிலாகக் குதிரைதான் வேண்டும் என்பதையும் கடைக்காரருக்கு விளக்கிச் சொல்லாமல் இவர் நகர்வதில்லை.

இவ்வளவு நுணுக்கம் பார்ப்பவரின் வீட்டில் தண்டவாளத்தை உற்றுப் பார்ப்பது நாகரிகம் அன்று. பிரித்தானியப் பாதையின் உண்மை அகலம் 4 அடி 8½ அங்குலம். ஓஓ கணக்கில் அது 18.83 மில்லிமீட்டராக இருந்தாக வேண்டும். ஆனால் ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். உடலளவில் சிறியவையான பிரித்தானிய எஞ்சின்களுக்குள், அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்னும் ஐரோப்பியக் கணக்கில், அக்காலத்து மோட்டார் அடங்காமற்போகவே, எஞ்சினின் உடலை மட்டும் 4 மில்லிமீட்டர் கணக்குக்குப் பெருக்கிவிட்டு, பாதையைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்ட வணிகச் சமரசத்தின் விளைவு இது. ஆகவே இவருடைய விரைவுவண்டிகள் அனைத்தும் 4 அடி 1½ அங்குலப் பாதையில், ஏழு அங்குலம் காலொடுக்கி ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்பிழையைத் திருத்திய 18.83 மில்லிமீட்டர் முறை ஒன்று நடைமுறையில் இல்லாமலில்லை. ஆனால் அதற்கு மாறுவதென்றால் வீட்டிலுள்ள எல்லா எஞ்சின்களின் சக்கரங்களையும் கழற்றியாக வேண்டும் என்பதால், ஏழு அங்குலத்தை மன்னித்து அரை மில்லிமீட்டரைத் தண்டிக்கும் பெருந்தன்மையை இவர் வளர்த்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதே சோற்றில் ஒரு நெல் கிடப்பதைக் கண்டு இலையை விட்டு எழுந்துபோகிறவர் என்று இவரைக் கூறினால் பொருந்தும்.

இத்தகையோரை அந்நாட்டு மாதிரியாளர்கள் ‘ரிவெட் கவுண்டர்’, அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் தறையாணிகளை எண்ணுபவர் என்று ஏளனமாக அழைப்பர். இவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொள்கிறார். (நவராத்திரிக் கொலுவில் இரயிலைவிட உயரமான செட்டியார் பொம்மை நிலையத்தை ஒட்டிக் கடை விரித்திருப்பதைக் கண்டு எந்தத் தமிழ் வீடும் கலங்கியதில்லை, இவரை அப்படியொரு கொலுவுக்கு அழைத்துச் சுண்டல் கொடுப்பது பாவம்.)

கண்காட்சி நாட்களில் இவரை எளிதில் அடையாளம் காணலாம். ஊர்ப் பொதுமண்டபத்தில் மேசைமேல் மேசையாக இரயில்கள் ஓட, சிறுவர்கள் அவற்றை மொய்க்க, இவர் மட்டும் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சிறு உறைகளில் உதிரிகள் விற்பவரின் முன் குனிந்திருப்பார். அவ்வுறைகளில் இருப்பவை பெரும்பாலும் வெள்ளை உலோக வார்ப்புகள். வெள்ளை உலோகம் என்பது, வெள்ளீயம் முதலியவற்றைக் கலந்து எளிதில் உருகுமாறு செய்த கலவை. இரப்பர் அச்சில் வார்க்கத் தோதான அந்த உலோகத்தில் மெல்லிய ஆரக்கால் வருவது கடினம் என்பதால், சக்கரங்கள் சற்றே வடைபோல் தடித்துவிடுகின்றன. இவர் சட்டைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுப்பதைக் கண்டதுமே விற்பவர் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார். பல்லாண்டு அனுபவம் அது.

உறையின் மேல் ஒட்டிய படத்தில் கைப்பிடி தரையில் கிடந்தால் விலையைக்கூட இவர் கேட்பதில்லை. இதில் மட்டும் இவர் பக்கம் நியாயம் உண்டு. 1898 செப்டம்பர் 2 அன்று வெல்லிங்பரோ நிலையத்தில் டிராலி ஒன்று நடைமேடையிலிருந்து உருண்டு தண்டவாளத்தில் விழ, மான்செஸ்டருக்கு விரைந்த வண்டி அதில் மோதித் தடம்புரண்டு, எஞ்சினில் இருந்த இருவரும் பயணிகள் ஐவரும் மாண்டனர். கைப்பிடியை நிமிர்த்திவிட்டால் சக்கரத்தில் பிரேக் விழும்படி பல டிராலிகள் செய்யப்பட்டதன் அருமை இத்தகைய நிகழ்ச்சியை அறிந்தவர்க்கே புரியும். ஆளில்லாமல் நிற்கும் டிராலியின் கைப்பிடி நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்று மற்றவர்களின் மேசைகளிலும் இவர் விரலால் நிமிர்த்திவிட்டுப் போவதும், அதில் இரண்டொன்று ஒடிந்துபோவதும் வழக்கம்.

அளவு பொருந்தினாலும் காலம் பொருந்துவதில்லை. இவருடைய நிலையம் ஏதோ ஒரு கோடைகாலச் செவ்வாய்க்கிழமையின் பிற்பகலில் நிரந்தரமாக நின்றுபோன நிலையம். ஆண்டு 1935 என்று இவர் தீர்மானித்துவிட்டால், 1923இல் நான்கு பெரு நிறுவனங்களாக இணைக்கப்பட்ட இரயில்வேக்களுள் ஒன்றான கிரேட் வெஸ்டர்னின் எழுத்து வண்டியில் இருக்கலாம். 1948இல் அரசுடைமையான பின் எழுதப்பட்டது எதுவும் இருத்தலாகாது. வண்டிமேல் ஏற்றும் பால் கேன்கூட இவரை ஏமாற்ற முடியாது: மேல்நோக்கிக் குறுகிச் செல்லும் 17 காலன் கேன் பழையது, நேராக நிற்கும் 10 காலன் கேன் பின்னது, இரண்டையும் ஒரே உறையில் போட்டு விற்பவர் வரலாற்றுத் துரோகி. குளோஸ்டர்ஷயரின் டர்ஸ்லியில் லிஸ்டர் நிறுவனம் செய்த, முன்சக்கரத்தின் தலையிலேயே பெட்ரோல் எஞ்சினைச் சுமந்து அதனோடு சேர்ந்து திரும்பும் மூன்று சக்கரச் சுமைவண்டியை யாரேனும் குறிப்பிட்டால், அது வேறு துறை என்று ஒதுங்கிக்கொள்வார். 1964இல் வந்த நீலநிறக் கம்பிக்கூண்டு வண்டியைப் பற்றியோ பேச்சே எடுக்கலாகாது. ‘பிரிட்டிஷ் ரெயில் யுனிவர்சல் டிராலி எக்விப்மென்ட்’ என்னும் அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகள் ஆங்கிலத்தில் ‘ப்ரூட்’, அதாவது மிருகம் என்று சேர்வதை, இவர் தற்செயலாகக் கருதுவதில்லை.

சான்றுக்கு நிழற்படங்களை நாடினால் அங்கே வேறு துன்பம். அக்காலத்துப் படக்காரர்கள் எஞ்சினை எடுக்கவே வந்தவர்கள் ஆதலால், டிராலி ஏதேனும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டோ, ஒரு போர்ட்டரின் காலுக்குப் பின்னால் இரண்டு சக்கரங்களை மறைத்துக்கொண்டோ நிற்கும். உலகம் போற்றும் எஞ்சின் ஒன்று நடுவில் நின்று மறைத்துக்கொண்டிருப்பதை எண்ணி இவர் பல்லைக் கடிப்பார். நிறமோ இன்னும் மோசம். பழைய வகைச் சுருள்களில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். எனவே படத்தில் கருமையாகத் தெரியும் வண்டி பழுப்பா, சிவப்பா, அல்லது வெறும் அழுக்கா என்ற வினாவுக்கு விடை இல்லை. விடை இல்லாத வினா என்பதால்தான் சங்கக் கூட்டங்களில் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது.

இறுதியில் மூலத்தையே அளப்பதென்று புறப்படுகிறார். டிட்காட், செவர்ன் பள்ளத்தாக்கு முதலான இடங்களில் ஆர்வலர்கள் காத்துவரும் பாரம்பரிய இரயில் நிலையங்களில், தோல்பெட்டிகளைச் சுமந்தபடி உண்மையான டிராலிகள் இன்றும் காட்சிக்கு நிற்கின்றன. அங்கே நடைமேடையில் மண்டியிட்டு, அளவுநாடாவோடு வண்டிக்கடியில் தலையை நுழைத்திருக்கும் பெரியவரைக் கண்டு, மோதிரம் உருண்டுவிட்டதோ என்று பயணிகள் குனிந்து தேட உதவுவர். அளந்து முடித்த பின்னரே பேரிடி இறங்குகிறது. இடப்பக்கப் பலகை வலப்பக்கத்தோடு ஒவ்வாது. நான்கு சக்கரங்களில் ஒன்று வேறொரு வண்டியிலிருந்து வந்ததாகத் தெரியும். கைப்பிடியைப் பிற்காலத்துத் தச்சர் தம் கைக்கு வந்தவாறு செய்து மாட்டியிருப்பார். நாள் முழுதும் சுமை இழுத்து, மோதி, மழையில் ஊறி, பழுதுபார்க்கப்பட்ட வண்டிக்கு ஒரே அளவு என்பது எக்காலத்திலும் இருந்திருக்க முடியாது என்று எவருக்கும் தோன்றும். இவருக்குத் தோன்றுவது, மூலம் பிழையானது என்பதே.

ஆறுதலுக்கு இவர் செல்லும் திருத்தலம் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் லாங் விட்டன்ஹம் கிராமத்திலுள்ள பெண்டன் அருங்காட்சியகம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அந்த நாட்டுப்புறத்தில் மனம் பறிகொடுத்த ராய் இங்கிலாந்து என்பவர் 1954இல் நிறுவிய அவ்விடத்தில், 1930களின் கிராமங்கள் இதே 4 மில்லிமீட்டர் கணக்கில், கூரை வேய்ந்த குடில்களும் தோட்டச் செடிகளுமாக எழுப்பப்பட்டிருக்கின்றன. பிறர் குடில்களின் முன் மெய்மறந்து நிற்க, இவர் நேராக நடைமேடைப் பக்கம் சென்று, கண்ணாடியில் மூக்கு அழுந்த நோக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்புவார். குறை கண்டுபிடிக்க முடியாத நாளில் இவர் இரவு உணவு கொள்வதில்லை.

வேறு வழியின்றித் தாமே செய்யத் துணிகிறார். மெல்லிய பித்தளைத் தகட்டில் வேண்டாத பகுதியை அமிலநீரால் அரித்தெடுக்கும் முறையில் சக்கரம், சட்டம், கைப்பிடி ஆகியவற்றை வரவழைத்து, உருப்பெருக்கியை நெற்றியில் மாட்டி, சாமணத்தால் எடுத்துப் பற்றவைக்கிறார். நான்காம் சக்கரம் சாமணத்திலிருந்து தெறிப்பது இயற்கை நியதி. அது கம்பளத்தில் விழுந்த இடம் கண்டறியப்படும்வரை அறையைக் கூட்டலாகாது என்று இல்லாளுக்கு ஆணை பிறக்கிறது. மூன்று வாரம் கழித்து அவர் தூசு உறிஞ்சியின் பையைக் கவிழ்த்துச் சலித்து, அச்சக்கரத்தோடு முன் ஆண்டுகளில் தொலைந்த இரண்டு கைகாட்டி விளக்குகளையும் கண்டெடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பேசாமல் போகிறார்.

வண்டி முடிந்தது. நீளம் 24 மில்லிமீட்டர், பிசகு இல்லை. பலகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிய வேண்டும் என்று பாடுபட்டவர், வெறும் வண்டி நிற்பது இயல்பன்று என்று கருதி, அதன்மேல் பதினொரு பெட்டிகளையும் ஒரு புறாக்கூடையையும் ஏற்றிவிட்டதால், இப்போது பலகை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சக்கரங்களை ஒரு நாய் பொம்மை மறைத்திருக்கிறது. இவர் வீட்டுக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தால், ஓடும் இரயிலைப் பாராட்டுமுன், நடைமேடையின் வடகோடியில் தேநீர்க் கடைக்கு இப்பால் சற்றுக் குனிந்து பார்க்கவும். தொட வேண்டாம், கைப்பிடியில் பசை இன்னும் காயவில்லை.