சண்டை அவர்களுக்கு, களம் நமக்கு!

கேள்வி: வல்லரசுகள் ஏன் நேருக்கு நேர் மோதிக்கொள்வதில்லை?
(வாசகர், சுங்குவார்சத்திரம்)

மோதினால் இருவருமே மிஞ்ச மாட்டார்கள் என்பதை 1962 கியூபா நெருக்கடியில் பார்த்துவிட்டார்கள். அதற்காக வீரம் குறைந்துவிடவில்லை. வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான் என்று அடுத்தவர் முற்றமாகப் பார்த்துக் காட்டினார்கள்.

கேள்வி: அதெல்லாம் எங்கோ நடக்கிற நிழல் யுத்தம். ஒரகடத்துக்கு ஷிஃப்ட் போகிறவனுக்கு அதில் என்ன வேலை?
(வாசகர், படப்பை)

நீங்கள் பஸ் விட்டு இறங்குகிற மண்ணே ஒரு நிழல் யுத்தத்தில் கைமாறியதுதான். 1748-இல் இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் சமாதானம் செய்துகொண்டன. மறு வருஷமே இங்கே சண்டை ஆரம்பித்தது. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிபுக்குப் பின்னால் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே, முகமது அலிக்குப் பின்னால் சென்னை ஆங்கிலேயர். ஆம்பூர், ஆற்காடு, காவேரிப்பாக்கம், திருச்சி என்று ஐந்து வருஷம் ரத்தம் ஓடியது. லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே அந்த ஐந்து வருஷமும் போர் கிடையாது!

1752-இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1754-இல் டூப்ளேயைப் பாரிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. முகமது அலி ஜெயித்தார் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஜெயித்தவர் கணக்கையும் பாருங்கள். படைச்செலவு முழுக்க அவர் தலையில் ஏறியது. செய்த உதவிக்குக் கைம்மாறாக 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் அதில் அடக்கம். கடைசிவரை கடனிலேயே இருந்து 1795-இல் கண்மூடினார். 1801-இல் மிச்சமிருந்த ஆற்காட்டுச் சீமையும் கம்பெனிக்குப் போயிற்று. தோற்ற நவாபுக்குத் தலை போனது, ஜெயித்த நவாபுக்குத் தரை போனது.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராஜீவ் நினைவிடம்தான் ஞாபகம் வருகிறது. அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?
(வாசகர், திருமழிசை)

பாதி சேரும். 1983-க்குப் பிறகு ஈழப் போராளிகளுக்கு இந்தியா ரகசியமாகப் பயிற்சி கொடுத்ததற்கு, இங்கே கொந்தளித்த மக்கள் மனசு ஒரு காரணம். இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா அமெரிக்கா பக்கம் சாய்கிறாரே என்ற தில்லியின் கவலை இன்னொரு காரணம். சந்தேகம் இருந்தால் 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படியுங்கள். தமிழர் உரிமைக்கான ஒப்பந்தத்தின் கூடவே திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், அந்நிய வானொலி நிலையம் என்று பேச்சு ஓடும்.

அதே வருஷம் அக்டோபரில், ஒப்பந்தத்தைக் காக்க இலங்கை போன இந்தியப் படையும் புலிகளும் மோதிக்கொண்டார்கள். பிற்பாடு இந்தியப் படையை வெளியேற்றப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது பிரேமதாசாவின் இலங்கை அரசு. யார் யாருடைய நிழல் என்று அவர்களுக்கே குழம்பியிருக்கும். 1991 மே 21 இரவு அந்தச் சண்டை ராஜீவ் கொலையாக ஸ்ரீபெரும்புதூர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது.

மீதிப் பாதி சேராது. ஈழத்தமிழர் போராட்டம் தில்லி ஏவிவிட்டு வந்ததல்ல. 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்கும் 1983 ஜூலைக் கொலைகளுக்கும் வெளிநாட்டுக் கை தேவைப்படவில்லை. நிழல் யுத்தம் பற்றி எழுதுகிற பண்டிதர்கள் வழக்கமாக மறப்பது இதைத்தான்.

கேள்வி: ஐபோன் லைனில் வேலை பார்க்கிறேன். அமெரிக்கா-சீனா சண்டையில் நானும் ஒரு சிப்பாயா?
(வாசகி, வல்லம் வடகால் விடுதி)

நிரந்தரச் சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு, அம்மா!

ஆனால் களம் உங்கள் லைன்தான், சந்தேகமே இல்லை. பிராண்ட் அமெரிக்காவுடையது, ஆலை தைவானின் ஃபாக்ஸ்கானுடையது, மெஷின்களில் கணிசமானவை சீனாவிலிருந்து வந்தவை. 2025 வசந்தத்தில் சீனச் சரக்குக்கு அமெரிக்க வரி 145 சதவீதம் வரை ஏறியபோது, சுமார் 600 டன் ஐபோன்களைத் தனி விமானங்களில் இந்தியாவிலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்காகச் சென்னை விமான நிலையத்தில் 30 மணி நேரம் பிடித்த சுங்கச் சோதனை 6 மணி நேரமாகச் சுருங்கியது என்று செய்தி. ஜூலைக்குள் சீனாவின் பதில் வந்ததாகச் செய்தி, குண்டாக இல்லை. ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். லைனைச் செட் பண்ணத் தெரிந்தவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வதும் ஒரு தாக்குதல்தான்.

உங்கள் தரப்பு ஆயுதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடியது, ஆப்பிளே கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் நீங்கள் இப்போது படுத்திருக்கும் 18,720 கட்டில் விடுதி திறந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: டிரம்ப் பேச்சை நம்பலாமா?
(வாசகர், இருங்காட்டுக்கோட்டை)

2025 மே மாதம் தோஹாவில், இந்தியாவில் ஆலை கட்ட வேண்டாம் என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்கிடம் சொல்லிவிட்டதாக அறிவித்தார். ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது செல்போனை மட்டும் விட்டுவைத்தார். பேச்சை விடுங்கள், விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

கேள்வி: மின்சார வண்டிக்கு ஏதோ காந்தம் வரவில்லையாமே?
(வாசகர், ஒரகடம்)

2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமம் கேட்க ஆரம்பித்தது. குறி அமெரிக்கா, அடி நம் மோட்டாருக்கும் விழுந்தது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், நம் மணவாளக்குறிச்சி மணலிலும் அரிய மண் தாது இருக்கிறது. அதைக் காந்தமாக்கும் தொழிலைத்தான் இத்தனை வருஷமாகப் பெரிதாக வளர்க்காமல் விட்டோம்.

கேள்வி: சீனக் கம்பெனிகளை அடியோடு விரட்டினால் என்ன?
(வாசகர், மாத்தூர்)

ஸ்ரீபெரும்புதூரின் பழைய நோக்கியா ஆலையில் இப்போது இருப்பது சால்காம்ப். பிறப்பு பின்லாந்து, சொந்தக்காரர் சீனர், செய்வது ஆப்பிளுக்குச் சார்ஜர், செய்கிறவர் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெண். யாரைக் கேட்டில் நிறுத்தலாம், சொல்லுங்கள்.

கேள்வி: சரி, நாம் எந்தப் பக்கம்?
(வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

அதைத் தில்லி பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு நோக்கியா கதை போதும். 2006-இல் வந்தார்கள், 2014 நவம்பரில் லைனை நிறுத்தினார்கள். அதைக் கவிழ்க்க எந்த வல்லரசும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வரி வழக்கும் சரிந்த சந்தையும் போதுமாக இருந்தன. அடுத்த மாதமே, அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் பூட்டியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கையில் கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்பினார்கள். பூட்டிய இடத்தில் பிற்பாடு வேறு கம்பெனிகள் வந்தன, ஆனால் போன பிள்ளைகளைத் தேடிப்பிடித்து யாரும் கூப்பிடவில்லை.

இன்றைக்குச் சண்டை நமக்குச் சாதகமாக ஓடுகிறது. வாஷிங்டனும் பெய்ஜிங்கும் நாளைக்கே முழுச் சமாதானம் ஆனால்? உதிரிபாகம் வெளியே, மெஷின் தெரிந்தவன் வெளியே என்றால், இங்கே திருகு முடுக்குவது மட்டும்தான் மிஞ்சும். அதை எந்த நாட்டுக்கும் ஒரு வருஷத்தில் கொண்டுபோய்விடலாம். உதிரிபாகத் தொழிலுக்கு மத்திய அரசு 2025-இல் ஒதுக்கிய 22,919 கோடி ரூபாய் அந்த வகையில் சரியான செலவு, தாமதமாக வந்தது என்பதுதான் குறை.

எனவே அடுத்த முறை கோட்டையில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எத்தனை கோடி என்று கைதட்டாதீர்கள். எத்தனை உதிரிபாகம் இந்த மாவட்டத்தில் செய்வார்கள், எத்தனை பேர் கான்ட்ராக்டில் இல்லாமல் கம்பெனி ரோலில் இருப்பார்கள் என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.