பட்டத்தின் வாலைப் பிடித்தவர்கள்

டச்சுக்காரர்களின் சாண்ட்வோர்ட் கடற்கரையில் மெகாலூப் என்றொரு பந்தயம் நடக்கும். அதற்கு முன்கூட்டியே தேதி குறிக்க மாட்டார்கள். புயல் வந்தால்தான் பந்தயம். ‘வெளியே தலைகாட்டாதீர்கள்’ என்று வானிலைக்காரர்கள் சொல்லும் நாளுக்காகவே ஒரு கூட்டம் பெட்டி படுக்கையோடு காத்திருக்கும். அறிவிப்பு வந்ததும் ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். இவர்கள் பட்டத்துக்குக் காற்றடிப்பார்கள். காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு கொக்கி, அதிலிருந்து 20, 25 மீட்டருக்குக் கயிறு, கயிற்று முனையில் பட்டம். கைட்போர்டிங் என்பது இவ்வளவுதான். இதைப் புயலில் செய்தால் என்ன ஆகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். பெரியவர்கள்தான் முந்நூறு வருஷமாக விடாமல் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குலமுதல்வர் பெஞ்சமின் பிராங்க்ளின். நூறு டாலர் நோட்டில் உதட்டை இறுக்கிக்கொண்டு நம்மை முறைப்பாரே, அவரேதான். 1752இல் இடி மின்னலில் பட்டம் விட்டார் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்கெல்லாம் வெகு முன்பு, பாஸ்டனில் பையனாக இருந்தபோது, ஒரு குளக்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல வெயில். குளிக்க ஆசை, பட்டத்தை விடவும் மனசில்லை. முளையில் கட்டிவைத்திருந்த கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மல்லாந்து படுத்தார். பட்டம் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஏறக்குறைய ஒரு மைல் அகலமுள்ள குளம்; கையைக் காலை அசைக்காமல் மறுகரை சேர்ந்தார்.

உடுப்பு? அதை இன்னொரு பையன் கரையோரமாகவே சுமந்துகொண்டு மறுபக்கம் போனான். அந்தப் பையனின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. அவன் மட்டும் வழியில் வேறு விளையாட்டில் புத்தி போய் நின்றிருந்தால், பிற்காலத்தில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பிறந்தமேனியாகப் புதருக்குள் உட்கார்ந்திருப்பார்.

1773இல் ஒரு பிரெஞ்சுக்காரருக்கு எழுதிய கடிதத்தில் கிழவர் இந்தக் கதையைச் சொன்னார். கூடவே இரண்டு விஷயங்கள். பட்டம் இருக்கும் பக்கம் நாம் வேகமாகப் போய்விட்டால் அது கீழே இறங்க ஆரம்பிக்கிறது, கொஞ்சம் முரண்டு பிடித்து நின்றால் மறுபடி ஏறுகிறது என்பது ஒன்று. இப்படியே டோவரிலிருந்து கலேவுக்கு ஆங்கிலக் கால்வாயைக்கூடக் கடந்துவிடலாம், ஆனால் கப்பலில் போவதே உத்தமம் என்பது மற்றொன்று. முதலாவதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். பின்னால் பலபேரை அது கடலில் தள்ளப்போகிறது.

அடுத்தவர் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஜார்ஜ் போகாக். குறும்பு செய்யும் பையன்களை அடித்து அடித்துக் கை வலிக்கிறதே என்று, தானே சுழன்று அடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்துவைத்திருந்த மகான். அப்பேர்ப்பட்டவர் கையில் பெரிய பட்டம் கிடைத்தால் சும்மா இருப்பாரா? 1820களின் நடுவில் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பட்டத்தில் கட்டி, 270 அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டார். வீட்டுக்காரம்மா எங்கே போயிருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. நல்லவேளையாகப் பெண் பத்திரமாக இறங்கினாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்றாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ். அம்பயர் விரலைத் தூக்கினாலும் கிரீஸை விட்டு லேசில் நகரமாட்டார் என்று பேரெடுத்த அதே தாடிக்காரர். பெற்ற மகளை அந்தரத்தில் தொங்கவிட்ட தாத்தாவின் பேரனுக்கு அம்பயரிடம் என்ன பயம்?

1826இல் போகாக் குதிரையில்லாத வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் சார்வொலான்ட். முன்னால் வானத்தில் இரண்டு பட்டம், அவ்வளவுதான். மணிக்கு 20 மைல் வேகம். சுங்கச்சாவடிக்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கட்டணத்தை வண்டி இழுக்கும் பிராணிகளின் எண்ணிக்கைப்படிதான் வாங்குவார்கள். இங்கே பிராணியே கிடையாது. சட்டத்தில் இடமில்லாமல் வண்டியைச் சும்மா விட்டார்கள். ஃபாஸ்டேக் காலத்தில் இந்தப் பருப்பு வேகாது.

சிரித்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போகாக்கின் பட்டத்துக்கு நாலு கயிறு. அவற்றை இழுத்தும் தளர்த்தியும் பட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பலாம், அதன் சாய்வை மாற்றி இழுவையைக் குறைக்கவும் செய்யலாம். அடிக்கும் இயந்திரத்தை ஓடவிட்ட வாத்தியாருக்கு நிறுத்தவும் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை மறந்துவிட்டுச் செமத்தியாக அடிபட்டார்கள்.

1903 நவம்பரில், பிராங்க்ளின் வேண்டாமென்று சொன்ன காரியத்தைச் செய்யவே ஒருவர் வந்து சேர்ந்தார். சாமுவேல் கோடி. கௌபாய் தொப்பி, தோள்வரை தலைமுடி, முறுக்கிவிட்ட மீசை. சொந்தக் குடும்பப் பெயர் கௌடரி. கௌபாய் சாகசக் காட்சிகளால் பேர்பெற்ற பஃபலோ பில் கோடியின் புகழில் கொஞ்சம் நம் மேலும் ஒட்டட்டுமே என்று பெயரை மாற்றிக்கொண்டவர். மேடையில் குதிரையும் துப்பாக்கியுமாக நாடகம் போட்டுச் சம்பாதித்ததைப் பட்டத்தில் விட்டார். மடக்குப் படகு ஒன்றில் பட்டத்தைக் கட்டிக் கலேயில் கிளம்பி டோவர் வந்து சேர்ந்தார். சுமார் 13 மணி நேரம் பிடித்தது. பிராங்க்ளின் சிபாரிசு செய்த கப்பல் அதற்குள் சில தடவை போய்வந்திருக்கும். 1908இல் பிரிட்டனில் முதன்முதலாக மோட்டார் விமானத்தைப் பறக்கவிட்டவரும் இதே கோடிதான். இன்ஜின் வந்தபின் காற்றிடம் கெஞ்சுவானேன் என்று உலகம் பட்டத்தைச் சிறுவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

பெரியவர்களுக்கு மறுபடி கை அரிக்க ஐம்பது, அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1977இல் ஒரு டச்சுக்காரர் பலகையும் பட்டமும் சேர்ந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். யாரும் சட்டை செய்யவில்லை. தண்ணீரில் விழுந்த பட்டம் நனைந்த வேட்டி மாதிரி, திரும்ப எழாது. இதற்கு வழி கண்டவர்கள் பிரான்சின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகென்யூ சகோதரர்கள். பட்டத்தின் முன் விளிம்பிலும் விலா எலும்புகளிலும் காற்றடைத்த குழாயை வைத்தார்கள். விழுந்தால் மிதக்கும், இழுத்தால் எழும். 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். விண்ட்சர்ஃபிங் வியாபாரத்தில் காசு கொட்டிக்கொண்டிருந்த நேரம், எவரும் சீண்டவில்லை. அமெரிக்காவில் போயிங் பொறியாளர் பில் ரோஸ்லரும் மகன் கோரியும் நீர்ச்சறுக்குக் கட்டைகளில் நின்று இதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். சகோதரர்கள் பொறுத்தது போதுமென்று 1997இல் விப்பிகா என்ற பெயரில் தாங்களே பட்டத்தை விற்க ஆரம்பித்தார்கள். ஹவாயின் மாவி தீவில் மானு பெர்த்தானும் லேர்ட் ஹாமில்டனும் பட்டமும் பலகையுமாக அலையில் இறங்க, ஊரே திரும்பிப் பார்த்தது.

பார்த்தவர்கள் எல்லாம் வாங்கினார்கள். வாங்கியவர்கள் எல்லாம் பறந்தார்கள். அங்கேதான் வினை. அந்தக் காலத்துப் பட்டங்களில் இழுவையைக் குறைக்க வழி ரொம்பக் கொஞ்சம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை நாலு மடங்காகும். 20 நாட் காற்றில் சாதுவாக இழுக்கும் பட்டம் 40 நாட்டில், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர் காற்றில், என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே நிறுத்திவிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். மழைக்கு முன்னால் ஒரு சூறைக்காற்று வரும். அரட்டை பாதியில் நிற்கும், ஆள் மணலையும் வேலியையும் தாண்டி நிறுத்தியிருக்கும் கார்களின் மேல் போய்க்கொண்டிருப்பார். கையை விட்டால் போதாதா? போதாது. இடுப்புக் கொக்கி விடாதே.

பிறகுதான் புத்தி வந்தது. சிக்கன் லூப் என்ற வளையத்தில் தள்ளினால் கழன்றுகொள்ளும் விசையை வைத்தார்கள். 2005 வாக்கில் வந்த ‘போ’ வகைப் பட்டங்களில் கைக்கம்பைத் தளர்த்தினாலே இழுவை கிட்டத்தட்ட அடங்கிவிடும். போகாக் வாத்தியார் நாலு கயிற்றில் காட்டிய பாடத்தை நூற்று எண்பது வருஷம் கழித்து எழுதி முடித்தார்கள்.

நிறுத்தக் கற்றுக்கொண்டதும் மனுஷன் என்ன செய்தான்? புயலுக்குள் போனான். ரூபன் லென்டன் என்ற டச்சு வீரரின் பேரைச் சொன்னால் இந்த வட்டாரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவருடைய வித்தை இதுதான்: 40 நாட் காற்றில் எம்பிக் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே பட்டத்தைத் தனக்குக் கீழே ஒரு முழு வட்டம் சுற்றவிடுவது. தூக்கிப்பிடிக்க வேண்டிய பட்டம் கீழ்ப்பக்கம் போய்ப் பக்கவாட்டில் பிய்த்து இழுக்கும். அது மறுபடி தலைக்கு மேலே வந்து சேருவதற்கும் ஆள் தண்ணீரில் விழுவதற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மெகாலூப் என்னும் கலை. வராவிட்டால் அதற்குப் பெயர் வேறு. இன்றைக்குக் குதிப்பின் உயரம் 30 மீட்டரைத் தாண்டிவிட்டது, பத்து மாடி.

பட்டத்தோடு பேரலையில் சறுக்குகிறவர்களின் பிரச்சினை வேறு. பட்டம் இருந்தால் ஜெட்ஸ்கி வைத்து இழுத்துவிட ஆள் வேண்டாம், தானாகவே அலையைப் பிடித்துவிடலாம். சரி, பிடித்தாயிற்று. இப்போது அலையின் முகத்தில் கீழ்நோக்கிப் பாய்கிறீர்கள், பட்டம் இருக்கும் பக்கமாகவே. கயிறு தொய்கிறது. கைக்கம்பில் இருந்த இறுக்கம் போய், செத்த பாம்பைப் பிடித்திருக்கும் உணர்வு. பட்டம் மெல்லத் தலைகுப்புறச் சாய்கிறது. பாஸ்டன் குளத்துப் பையன் அன்றே சொன்னானே, கொஞ்சம் முரண்டு பிடித்து நில் என்று! அவன் பின்னால் ஐந்து மாடி உயரத்துக்குத் தண்ணீர் துரத்திக்கொண்டு வரவில்லை. நின்றால் அலை விழுங்கும். ஓடினால் பட்டம் விழும், விழுந்த பட்டத்தை அலை சுருட்ட, கயிற்றின் மறுமுனையில் இருப்பவரும் சுருண்டுகொண்டு போவார். இதையெல்லாம் மீறி 2017இல் போர்ச்சுகலின் நசாரேயில் நூனோ ஃபிகெய்ரெடோ 19 மீட்டர் அலையில் இறங்கிக் கின்னஸில் இடம் பிடித்தார்.

இவ்வளவு ரகளைக்குப் பிறகு 2024இல் ஒலிம்பிக்காரர்களும் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பாரிஸ் ஒலிம்பிக், மார்செய் கடல், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. காற்று வரவில்லை. பட்டங்களை வைத்துக்கொண்டு வீரர்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் இறுதிப் பந்தயத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். பெண்கள் தங்கம் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜுக்கு; கடல் சூழ்ந்த நாடு, நியாயம்தான். ஆண்கள் தங்கத்தை வாங்கியவர் வாலண்டின் பொன்டஸ். ஆஸ்திரியாக்காரர். அந்த நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது.