எல்லாம் காத்து, மாப்ள!

ஏர்வாடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கச்சான் அடித்தால் மேற்கேயிருந்து மண்ணை அள்ளிக் கண்ணில் போடும். வாடை பிறந்தால் வள்ளங்கள் கரையேறிப் படுத்துக்கொள்ளும். இவை பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகிற காற்றுகள். தர்கா போகிற சாலையோர டீக்கடைப் பெஞ்சில் மட்டும் வருஷம் முழுக்க ஒரே காற்று:

"எல்லாம் காத்து, மாப்ள!"

சொல்கிறவருக்குப் பெயர் வேண்டாம். எல்லா ஊர் டீக்கடையிலும் இவருக்கு ஒரு பெஞ்சு உண்டு. தசை நிபுணர் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. வாழ்நாளில் அவர் விடாமல் தூக்கி வரும் எடை ஒரு கிளாஸ் டீ. அதுவும் பாதி குடித்ததும் எடை குறைந்துவிடும். ஆனால் மனித உடம்பில் எந்தச் சதை எப்படி வளர்கிறது என்று அவரைக் கேட்டால் போதும். கேட்காவிட்டாலும் போதும்.

எதிர்ச் சாரி மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. இரண்டு கண்ணாடி, நாலு பெஞ்சு, உப்புக்காற்றில் துருவேறிய இரும்புத் தட்டுகள். தினம் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து ஒரு பையன் படியிறங்கி வருவான். படிப்பை முடித்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளை. கக்கத்தில் கட்டி வந்தவன் மாதிரி இரண்டு கையையும் அகட்டி வைத்துத்தான் நடப்பான். அவன் தலை தெரிந்ததும் நிபுணர் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

"சைக்கிள் டியூப்புதான் மாப்ள இது. மேல போயி பம்பு அடிச்சுட்டு வர்றீங்க. நாலு நாள் போகலைன்னா புஸ்ஸுன்னு இறங்கிப்போகும். அப்புறம் இந்தச் சதை பூராம் கொழுப்பா மாறிப்போகும். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

பையன் பொறுமைசாலி. "எடை தூக்கின சூட்டுல அந்த இடத்துக்கு ரத்தம் பாயுது மாமா, அதான் வீக்கம். ஒரு மணி நேரத்துல இறங்கிரும். நெசமான சதை மாசக்கணக்குல வளர்றது. அது கொழுப்பாவும் மாறாது. சாளை காஞ்சா கருவாடாகும், கோழியாகுமா?"

உவமை பிடித்திருந்ததால் நிபுணர் சிரித்தார். பதில் சொல்லாததால் தான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டார்.

பையன் சொன்னதுதான் உண்மை. தசையும் கொழுப்பும் வேறு வேறு சரக்கு. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. பயிற்சியை விட்டவனுக்குத் தசை இளைக்கிறது, பழைய சாப்பாடு மட்டும் இளைப்பதில்லை, அவ்வளவுதான் ரகசியம். உடம்பு வளர்வதிலும் பெரிய மந்திரம் கிடையாது. பழக்கமில்லாத பாரத்தைத் தசை தாங்கும்போது, இது இனி அடிக்கடி வரும் போலிருக்கிறது என்று உடம்பு எண்ணிக்கொள்கிறது. அதற்கேற்ப இருக்கிற தசை நார்களையே தடிமனாக்குகிறது. அந்த வேலை நடப்பது ஜிம்மில் அல்ல, சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது. இந்தக் கணக்குப்படி தூங்குவதில் நிபுணர் ஏற்கெனவே தேறியவர். முதல் பாதிதான் பாக்கி.

அடுத்த வழக்கு, டப்பா.

"அந்தப் பவுடர் இருக்குல்ல, அதுலதான் சூட்சுமம். அதைத் தின்னா யாருக்கும் வரும்."

அந்த மர்மப் பவுடர் வேறொன்றுமில்லை, பால் திரிந்தால் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை வடிகட்டி உலர்த்திப் பொடியாக்கியது. வீட்டில் திரிந்த பாலைக் கொல்லையில் ஊற்றும்போதெல்லாம் நாம் அதைத்தான் வாழை மரத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறோம். வாழைக்குப் புஜம் வரவில்லை. எடை தூக்குகிறவனுக்குத் தன் உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். எழுபது கிலோ ஆளுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். வலையிலிருந்து இறங்கும் சூடையும் நகரையும் வீட்டுச் சட்டியில் கொதிக்கிற ஊரில், டப்பா வாங்காதவன் பட்டினி கிடக்கப்போவதில்லை. பக்கத்தில் ஊசி போட்டு உடம்பேற்றுகிறவர்களும் உண்டு என்பது நிஜம். இதயம், ஈரல், பிள்ளைப்பேறு மூன்றையும் பணயம் வைக்கிற சூதாட்டம் அது. அந்த ஒரு விஷயத்தில் நிபுணரின் சந்தேகம் நியாயமானது. ஆனால் அவர் சந்தேகம் முட்டை தின்கிறவனையும் விடாது.

மூன்றாவது தீர்ப்புதான் அவருடைய கிரீடம். "பாக்க மலை மாதிரி இருப்பானுக. உள்ள தெம்பு கிடையாது."

இதை அவர் காலை ஏழரைக்குச் சொல்வார். எட்டு மணிக்கு அவர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வரும். எட்டேகாலுக்குத் தெருமுனையில் நின்று, "மாப்ள, கொஞ்சம் ஒரு கை குடு" என்பார். சந்தனக்கூடு சமயத்தில் வெளியூர் வேன் மணலில் புதைந்தால் முதலில் தேடப்படுவதும் அதே தெம்பில்லாத ஆள்தான். ஜெனரேட்டர், பீரோ, கல்யாண வீட்டுப் பிரியாணி தேக்சா, எதையும் காற்று தூக்கிக் கொடுக்கும் என்று ஊர் நம்புகிறது. காற்றுக்குக் கூலி கிடையாது.

ஒரு நாள் நிபுணருக்கு நிரூபிக்க வாய்ப்பு கிடைத்தது. கரைவலை இழுக்கிற கூட்டத்தில் பையனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இவன் புஜத்தை முறுக்கி இழுத்தான். பக்கத்தில் அறுபது வயதுப் பெரியவர், தேய்ந்த பனைமட்டை போன்ற உடம்பு, குதிகாலை மணலில் ஊன்றி முதுகைப் பின்னால் சாய்த்து, வாயில் பாட்டோடு இழுத்தார். அரை மணியில் பையனுக்கு மூச்சு வாங்கியது, உள்ளங்கை கொப்பளித்தது. பெரியவர் பாட்டை நிறுத்தவில்லை. நிபுணர் அன்று இரண்டு டீ குடித்தார்.

அடுத்த வாரம் அதே பெரியவரைப் பையன் சிரித்துக்கொண்டே ஜிம்முக்கு அழைத்துப் போனான். மல்லாந்து படுத்து, பையன் பத்துத் தடவை ஏற்றி இறக்கிய அறுபது கிலோவைப் பெரியவர் ஏந்தினார். கம்பி, காற்றில் வள்ளம் போல ஆடியது. "இது வேற மாதிரில்ல இருக்கு" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அவர் சொன்னதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. பருத்த தசைக்குப் பலம் உண்டு. ஆனால் எந்த வேலையில் பழகியதோ அந்த வேலையில்தான் அது முழுசாக வெளிவரும். புதிதாக எடை தூக்குகிறவனுக்கு முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் சதையில் கூடுவதில்லை. எந்த நாரை எப்போது இழுப்பது என்று நரம்பு கற்றுக்கொள்கிறது.

1988-இல் சியோல் ஒலிம்பிக்கில், ஐந்தடி உயரம்கூட இல்லாத துருக்கி வீரர் நயீம் சுலைமானோக்லு, அறுபது கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். அவ்வளவு தூரம் போவானேன், நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149-ம் 179-ம் தூக்கித் தங்கம் வாங்கினார். இவர்கள் எடை தூக்கப் பழகியவர்கள். மேடையில் உடம்பைக் காட்டுகிறவனின் வேலை வேறு. போட்டியன்று அவன் வாரக்கணக்கில் வயிற்றைக் குறைத்து, தண்ணீரைக்கூட அளந்து குடித்து வந்திருப்பான். நாம் பார்த்துக் கைதட்டுகிற அன்றைக்குத்தான் அவன் இருப்பதிலேயே சோர்ந்திருப்பான். அதற்காக அவர்கள் எல்லாரும் வெறும் காட்சிப் பொருளும் இல்லை. 1998 முதல் 2005 வரை எட்டு முறை தொடர்ந்து மிஸ்டர் ஒலிம்பியா ஆன ரோனி கோல்மன், தரையிலிருந்து 360 கிலோவுக்கு மேல் தூக்கியவர்.

இதையெல்லாம் சொன்னால் நிபுணர் கடைசி ஆயுதத்தை எடுப்பார். "எங்க தாத்தன் வெறும் கேப்பைக் கூழைக் குடிச்சுட்டு இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னாடி போட்டாரு. எந்த ஜிம்முக்குப் போனாரு?"

தென்மாவட்டத்து ஊர்களில் இளவட்டக்கல்லுக்குத் தனி மரியாதை உண்டு. அதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் என்று கதையும் உண்டு. ஆனால் ஒருவரும் முதல் நாளே போய்த் தூக்கிவிடவில்லை. முதலில் அசைத்து, பிறகு முழங்கால் வரை ஏற்றி, அப்புறம் மார்புக்குக் கொண்டுவந்து, எத்தனையோ சாயங்காலம் பழகித்தான் தோளுக்கு ஏற்றினார்கள். கோயில் வாசலில் கல்லாகக் கிடந்ததே அன்றைய ஜிம். இன்னொன்று, தூக்கின தாத்தாக்களின் பேரன்கள் மட்டும்தான் கதை சொல்கிறார்கள். தூக்க முடியாத தாத்தாக்களுக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறது, பேரன்களும் இருக்கிறார்கள். அவர்கள் டீக்கடையில் வாயைத் திறப்பதில்லை.

இன்னொரு நாள் ஜிம்மில் ஒரு கல்லூரிப் பெண் சேர்ந்திருக்கிறாள் என்று செய்தி வந்தது. நிபுணர் பதறிவிட்டார். "பொம்பளைப் பிள்ளை வெயிட்டு தூக்கினா ஆம்பளை மாதிரி ஆகிப்போகும் மாப்ள! யாராவது எடுத்துச் சொல்லுங்கப்பா."

சதையைப் பெருக்குகிற ஹார்மோன் ஆணுக்குப் பல மடங்கு அதிகம். பெண்ணுக்கு அப்படி வீங்காது என்று பையன் ஆரம்பித்தான். முடிக்க விடாமல் தெருவில் ஒரு சத்தம். நிபுணரின் மனைவி தண்ணீர் வண்டியோடு வந்துகொண்டிருந்தார். தள்ளுவண்டியில் எட்டுக் குடம். ஒரு குடம் பதினைந்து லிட்டர் என்றால் மொத்தம் 120 கிலோ. வண்டிப் பாரம் தனி. இது ராமநாதபுரத்துப் பெண்களுக்குத் தினசரிக் கணக்கு. கடைக்கு நேரே மணலில் சக்கரம் இறங்கி வண்டி நின்றது.

பையன் பாய்ந்து போய் முன்னாலிருந்து இழுத்தான். புஜம் எழும்பியது, நரம்பு புடைத்தது, ஒரு குடம் தளும்பி அவன் காலை நனைத்தது. சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"விடு தம்பி" என்றார் அந்த அம்மா. பிடியை லேசாக அமுக்கி, வண்டியைப் பின்னால் ஓரடி உருட்டி, இடுப்பைக் கொடுத்து ஒரே தள்ளு. வண்டி வெளியே வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார்.

"இந்தாங்க. சும்மாதானே உக்காந்திருக்கீங்க? டயர்ல காத்து இல்ல. பக்கத்துச் சைக்கிள் கடையில பம்பு வாங்கி அடிச்சு விடுங்க."

காற்றைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவர், காற்றடிக்கப் போனார். இருபது அடி அடித்தார். நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்து நின்றார். வண்டி நகர்ந்து மறைந்த பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வலது சட்டைக் கையை மேலே சுருட்டினார். மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"மாப்ள, இங்க லேசா வீங்கின மாதிரி தெரியுதா?"

"ரத்தம்தான் மாமா. ஒரு மணி நேரத்துல இறங்கிரும்."