காகிதக் கற்பகம்

செங்கிஸ்கானின் சந்ததியார் உலகை வென்ற பெருமையை விஸ்தரிப்போர், பாரசீகத்தை ஆண்ட கைகாத்து கானின் பொருளாதார ஞானத்தை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள். கொடையென்னும் சற்குணம் மிகுந்து பொக்கிஷம் வற்றிவிட, கால்நடைகளும் நோயால் மடிந்துவிட, செலவைச் சுருக்குவது போன்ற அற்ப உபாயங்களை நாடாமல், சீனத்தில் குப்ளாய்கான் புழங்கவிட்ட காகிதப் பணத்தைத் தம் தேசத்திலும் அச்சிடுவதென்று, மந்திரி சதர் அல்தீனின் யோசனைப்படி அம்மன்னர் தீர்மானித்ததைக் காட்டிலும் உத்தமமான ராஜதந்திரம் வேறென்ன இருக்க முடியும்?

1294-இல் தப்ரீஸ் நகரில், சீன எழுத்துக்களும் கலிமாவும் ஒருங்கே தாங்கிய நோட்டு வெளிவந்தது. அதை ஏற்க மறுப்பவருக்கு மரண தண்டனை என்ற விதி, பிரஜைகளின் நம்பிக்கையை வளர்க்கும் பரம கருணையோடு செய்யப்பட்டதேயாகும். நன்றியற்ற வர்த்தகர்களோ கடைகளைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். கையில் பணமிருந்தும் வாங்கச் சரக்கில்லாத நிலை, சிக்கனத்தைப் போதிப்பதில் எந்த உபதேசியாரையும் மிஞ்சவல்லது என்பதை அவர்கள் உணரவில்லை. ஏறக்குறைய இரண்டே மாதத்தில் காகிதம் வாபஸாயிற்று.

மறு வருஷம் பிரபுக்கள் மன்னரையே வாபஸ் வாங்கினார்கள். ராஜ ரத்தம் பூமியில் சிந்தலாகாது என்ற மங்கோலிய மரியாதைக்கிணங்க, வில்லின் நாணால் கழுத்தை நெரித்தார்களாம். யோசனை சொன்ன மந்திரியோ, பின்னர் வந்த கஸான் கானின் ஆட்சியிலும் மந்திரியானார். காலிப் பொக்கிஷத்தை நிர்வகிப்பதில் அவ்வளவு அனுபவம் வாய்ந்தவர் வேறு யார் அகப்படுவார்?